தி.நகர் போர்டுகளில் இல்லாத நாடு

பாண்டி பஜாரில் இறங்கி ஜி.என். செட்டி சாலைப் பக்கமாக நடந்து பாருங்கள். வெளிநாட்டுப் படிப்புக்கு ஆள் சேர்க்கும் கன்சல்டன்சி போர்டுகள் மாடிக்கு மாடி தொங்கும். கனடா, பிரிட்டன், ஆஸ்திரேலியா, ஜெர்மனி, அயர்லாந்து என்று கொடிகள். எம்.பி.பி.எஸ். கூட்டத்துக்கு ஜார்ஜியா, கிர்கிஸ்தான், பிலிப்பைன்ஸ். ஆப்பிரிக்காவில் ஐம்பத்து நான்கு நாடுகள் இருக்கின்றன. அவற்றில் ஒன்றின் கொடியைக்கூட நான் அந்த போர்டுகளில் பார்த்ததில்லை. காரணம் ரொம்ப எளிது. பெரும்பாலான ஏஜென்ட்டுகளுக்கு வருமானம் நம் பாக்கெட்டிலிருந்து வருவதைவிட, நம்மைச் சேர்த்துக்கொள்ளும் பல்கலைக்கழகம் தரும் கமிஷனிலிருந்துதான் வருகிறது. கமிஷன் தராத ஊருக்கு அவர்கள் ஏன் போர்டு வைக்க வேண்டும்?

எனக்கு யாரும் கமிஷன் தருவதில்லை. அதனால் தைரியமாகச் சொல்கிறேன்: கானாவை யோசித்துப் பாருங்கள். (கானா பாட்டு இல்லை. மேற்கு ஆப்பிரிக்காவில், கினி வளைகுடாவின் கரையில் இருக்கும் நாடு. தலைநகர் அக்ரா.) நான் கல்லூரியில் வரலாறு சொல்லிக் கொடுப்பவள். சோழமண்டலக் கரையிலிருந்து கப்பலேறிய துணிகளைப் பற்றிய ஆராய்ச்சிக்காக அக்ராவின் ஆவணக் காப்பகத்தில் உட்கார்ந்து படித்திருக்கிறேன். அதிலிருந்து மயிலாப்பூரிலும் அடையாறிலும் பிள்ளைகளை மேல்படிப்புக்கு அனுப்பும் வீடுகளில் என்னைக் கூப்பிட்டு விசாரிப்பது வழக்கமாகிவிட்டது. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொன்னதை இங்கே சேர்த்து எழுதுகிறேன்.

யார் போக வேண்டாம் என்பதை முதலில் முடித்துவிடுகிறேன். எம்.பி.பி.எஸ். படிக்கத்தான் வெளிநாடு என்றால் கானா உங்களுக்கு இல்லை. அங்கே நல்ல மருத்துவக் கல்லூரிகள் உண்டு. ஆனால் தேசிய மருத்துவ ஆணையத்தின் 2021 விதிகள் 54 மாதப் படிப்பு, ஆங்கில வழி, அங்கேயே ஒரு வருட இன்டர்ன்ஷிப், அந்த நாட்டிலேயே டாக்டராகப் பதிவு செய்யும் தகுதி என்று நீளும். அவற்றை நிறைவேற்றுவதற்காக அவ்வளவு தூரம் போவதில் அர்த்தம் இல்லை. படித்து முடித்ததும் இரண்டு வருட வேலை விசா, பிறகு பி.ஆர்., பிறகு வீடு என்று கணக்குப் போட்டு பேங்க் லோன் எடுப்பவர்களுக்கும் இல்லை. கம்ப்யூட்டர் சயன்ஸுக்கு கிண்டியை விட்டுவிட்டு அங்கே போகச் சொல்லவும் மாட்டேன்.

வரலாறு, மானுடவியல், மொழியியல், பொதுச் சுகாதாரம், வளர்ச்சிப் பொருளாதாரம், விவசாயம், சுரங்கம் சார்ந்த சுற்றுச்சூழல், இசை, நடனம். இவற்றில் ஏதாவது ஒன்றைப் படிக்கிறவர் ஒரு செமஸ்டரோ ஒரு எம்.பில்.லோ அங்கே செய்தால், இங்கிலாந்தில் பெயர் தெரியாத ஊரில் ஒரு வருட மாஸ்டர்ஸ் செய்து வாங்கி வருவதைவிட அதிகம் வாங்கி வரலாம் என்பது என் கட்சி. எடின்பரோவில் உட்கார்ந்து ஆப்பிரிக்காவைப் படிக்கலாம், தப்பில்லை. ஆனால் லெகோனில் அந்தப் பாடத்தை எடுப்பவர்களும் உங்கள் பக்கத்து பெஞ்சில் இருப்பவர்களும் அதே விஷயத்தை வாழ்ந்துகொண்டிருப்பவர்கள்.

லெகோன் என்பது அக்ராவின் வடகிழக்கு ஓரத்தில் இருக்கும் கானா பல்கலைக்கழக வளாகம். 1948இல் லண்டன் பல்கலைக்கழகத்தின் கீழ் கோல்டு கோஸ்ட் யுனிவர்சிட்டி காலேஜாக ஆரம்பித்தது. 1957 மார்ச் 6 அன்று நாடு விடுதலை பெற்றது. நான்கு வருடம் கழித்து, 1961இல், இதுவும் தனிப் பல்கலைக்கழகமானது. வெள்ளைச் சுவர், சிவப்பு ஓடு, குன்றின் மேல் கிரேட் ஹால், நடுவே முதல் முதல்வரின் பெயரைத் தாங்கிய பாம் நூலகம். பிரிட்டிஷ் கனவு கொஞ்சம் கூடுதலாகவே தெரியும் இடம். ராத்திரியானால் நைட் மார்க்கெட்டில் மாணவர் கூட்டம் மொய்க்கும். காமன்வெல்த் ஹால் பையன்களின் சிவப்பு உடையும் அவர்கள் பாடும் பாட்டும் தனிப் புராணம்.

அங்கே எனக்குப் பிடித்த கட்டடம் ஆப்பிரிக்க ஆய்வு நிறுவனம். 1963 அக்டோபரில் அன்றைய அதிபர் குவாமே என்க்ருமா அதைத் திறந்து வைத்தார். ஆப்பிரிக்காவை ஆப்பிரிக்கர்களே, தங்கள் கேள்விகளைக் கொண்டு, படிக்க வேண்டும் என்பதுதான் அன்றைய அவர் பேச்சின் சாரம். பட்டப்படிப்பு மாணவர்கள் எந்தத் துறையானாலும் ஆப்பிரிக்க ஆய்வில் ஒரு தாள் எழுதியாக வேண்டும். பௌதிகம் படிக்கிறவனும் எழுதுவான், கணக்கியல் படிக்கிறவளும் எழுதுவாள். வெளியிலிருந்து ஒரு செமஸ்டருக்கு வருகிறவர்கள் மொழிப் பாடத்தோடு நடனமோ முழவோ எடுத்துக்கொள்ளலாம்.

இங்கேதான் மயிலாப்பூர்க்காரர்களைக் கையைப் பிடித்து நிறுத்த ஆசை. வீட்டில் மிருதங்கம், கஞ்சிரா, கடம் கற்கும் பிள்ளை இருக்கிறதா? மற்ற யாரையும்விட அந்தப் பிள்ளையைத்தான் நான் கானாவுக்கு அனுப்புவேன். எவே மக்களின் அக்பாட்ஜா என்ற ஆட்டத்தில் கான்கோகுயி என்னும் இரும்பு மணிதான் காலத்தைக் காக்கும். பன்னிரண்டு மாத்திரைக்குள் ஏழு தட்டு, அதுவும் சமமில்லாத இடைவெளியில். அதன் மேல் சின்ன முழவுகள் வெவ்வேறு கணக்கில் ஓடும். சோகோ என்ற தலைமை முழவு அவற்றோடு பேசிக்கொண்டே போகும். கையால் தாளம் போட்டு சமத்தைத் தேடும் நம் பழக்கம் முதல் வாரமே ஆட்டம் காணும். எங்கே சமம் என்று கேட்டால் பக்கத்தில் ஆடுகிறவரின் காலைப் பார்க்கச் சொல்வார்கள். அகான் மக்களிடம் அடும்பன் என்ற இரட்டை முழவு இருக்கிறது. ட்வி மொழியில் சுருதி மாறினால் பொருள் மாறும். அந்த ஏற்ற இறக்கத்தையே தோலில் தட்டி வாக்கியமாகச் சொல்வார்கள். இதையெல்லாம் படிப்பாக நிலைநிறுத்தியவர் ஜே.எச். குவாபெனா என்கெட்டியா. ஆப்பிரிக்க ஆய்வு நிறுவனத்தின் இயக்குநராக இருந்தவர், 2019இல் காலமானார். 1974இல் வந்த அவருடைய ஆப்பிரிக்க இசை பற்றிய புத்தகம் இன்றும் பாடநூல். ஒரு எச்சரிக்கை: ஹோமோவோ திருவிழாவுக்கு முன்னால் சில வாரங்கள் அக்ராவின் கா மக்கள் முழவடிக்கத் தடை போடுவார்கள். மே, ஜூன் வாக்கில் வரும். சர்ச்சுகளும் அதற்குக் கட்டுப்பட வேண்டும் என்பதால் வருடா வருடம் சண்டையும் வரும். அந்த நாட்களில் ஹாஸ்டல் மொட்டை மாடியில் சாதகம் வைத்துக்கொள்ளாதீர்கள்.

என் சொந்தத் துறைக்கு வருகிறேன். இது கொஞ்சம் நீளும்.

தரங்கம்பாடி போயிருப்பீர்கள். தஞ்சை ரகுநாத நாயக்கரிடம் அனுமதி வாங்கி 1620இல் டேனிஷ்காரர்கள் வந்து இறங்கி எழுப்பிய கோட்டை. சீகன்பால்கு, அச்சகம், தமிழ் பைபிள் என்று அந்த ஊரைப் பற்றி நமக்கு ஒரு கதை தெரியும். அதே டேனிஷ்காரர்கள் 1661இல் அக்ராவின் ஓசு கடற்கரையில் கிறிஸ்டியன்ஸ்போர்க் என்ற கோட்டையை எழுப்பி உட்கார்ந்தார்கள். தரங்கம்பாடியைப் பார்த்துவிட்டு ஓசுவைப் பார்த்தால் அதே வெள்ளைச் சுவர், அதே அலை மோதும் முகப்பு. 1845இல் தரங்கம்பாடியை ஆங்கிலேயருக்கு விற்றார்கள். 1850இல் ஓசுவையும் அவர்களுக்கே விற்றார்கள். இரண்டு கோட்டைகளுக்கும் நடுவில் ஓடிய சரக்குதான் எனக்கு வேண்டியது. இந்தக் கரையில் நெய்து சாயமேற்றிய துணி கோபன்ஹேகனுக்குப் போகும். அங்கிருந்து மேற்கு ஆப்பிரிக்காவுக்குப் போகும். அங்கே அதைக் கொடுத்து மனிதர்களை வாங்குவார்கள். வாங்கிய மனிதர்களை கரீபியன் கரும்புத் தோட்டங்களுக்கு ஏற்றுவார்கள். டேனிஷ்காரர்கள் மட்டும் இல்லை, டச்சு, ஆங்கில, பிரெஞ்சு வியாபாரிகளும் இதே கணக்கில்தான் ஓட்டினார்கள். ஐரோப்பியத் துணி மட்டும் மேற்கு ஆப்பிரிக்கர்களுக்குப் போதவில்லை. அவர்களுக்குத் தரம் தெரியும், சாயம் போகாத இந்தியப் பருத்திதான் கேட்டார்கள். புதுச்சேரிப் பக்கம் நீலச் சாயமிட்ட துணிக்கு பிரெஞ்சு வியாபாரிகள் 'கினே' என்றே பெயர் வைத்தார்கள். அது செனகலுக்குக் கப்பல் கப்பலாகப் போனது. நைஜீரியாவின் கலபாரி மக்கள் இன்றும் சடங்குகளில் மெட்ராஸ் கைக்குட்டைத் துணியைக் கட்டுகிறார்கள்.

தறியில் உட்கார்ந்திருந்த நெசவாளிக்கு இது தெரிந்திருக்க வாய்ப்பில்லை. ஆனால் சோழமண்டலத் துணியின் பெருமையை எழுதுகிற நாம் அந்தத் துணி எதற்கு விலையாகப் போனது என்ற பாதியை விட்டுவிடுகிறோம். சென்னைக்கு வடக்கே பழவேற்காட்டில் கோட்டை கட்டி இருந்த டச்சுக்காரர்கள் பஞ்ச காலங்களில் இங்கிருந்தே ஆட்களை வாங்கி பட்டாவியாவுக்கு (இன்றைய ஜகார்த்தா) அனுப்பியிருக்கிறார்கள். அதே டச்சுக் கம்பெனிகளின் காலத்தில்தான், 1637இல், கானாவின் எல்மினா கோட்டை போர்ச்சுகீசியர் கையிலிருந்து டச்சுக் கைக்கு மாறியது. எல்மினா 1482இல் கட்டியது. அதுவும் கேப் கோஸ்ட் கோட்டையும் இன்று யுனெஸ்கோ பாரம்பரியச் சின்னங்கள். அக்ராவிலிருந்து கேப் கோஸ்ட் நம் ஊரிலிருந்து பாண்டிச்சேரி தூரம்தான், சனிக்கிழமை காலை கிளம்பலாம். ஆண் அடிமைகளை அடைத்த நிலவறைக்கு நேர் மேலே தேவாலயம் இருந்தது என்று வழிகாட்டி கையைக் காட்டுவார். நிலவறையில் ஜன்னல் என்று சொல்லும்படி எதுவும் இல்லை. கூட வருகிற அமெரிக்கக் கறுப்பினத்தவர்கள் அழுவார்கள். அங்கே செல்ஃபி எடுக்காதீர்கள்.

ஓசு கோட்டைக்கு இன்னும் இரண்டு கதை உண்டு. 1693இல் அசாமேனி என்ற அக்வாமு வியாபாரி, துப்பாக்கி வாங்க வந்தவர்கள்போல ஆட்களை உள்ளே கூட்டிப் போய் கோட்டையையே பிடித்துவிட்டார். சுமார் ஒரு வருடம் அவரே கோட்டைத் தளபதி. பிறகு தங்கம் வாங்கிக்கொண்டு டேனிஷ்காரர்களிடம் திருப்பிக் கொடுத்தார். சாவிக்கொத்தைக் கொடுக்கவில்லை. அது இன்றும் அக்வாமு அரச குடும்பத்தின் சொத்து. இரண்டாவது, 1948 பிப்ரவரி 28. உலகப் போரில் இந்தியா வழியாக பர்மா போய்ச் சண்டையிட்டுத் திரும்பிய கோல்டு கோஸ்ட் சிப்பாய்கள், வாக்களித்த சலுகைகள் வரவில்லை என்று கவர்னரிடம் மனுக் கொடுக்க இந்தக் கோட்டையை நோக்கி நடந்தார்கள். போலீஸ் சுட்டதில் மூன்று பேர் செத்தார்கள். அதிலிருந்து மூண்ட கலவரம்தான் விடுதலைப் போராட்டத்தை வேகப்படுத்தியது. நமக்கு பர்மா பஜார் இருப்பதுபோல அக்ராவின் ராணுவத் தலைமையகத்துக்கு இன்றும் பெயர் பர்மா கேம்ப். இதில் எம்.பில். தலைப்பு எத்தனை ஒளிந்திருக்கிறது என்று பாருங்கள். எழுத ஆளில்லை.

இன்றைய சரக்கும் அப்படித்தான். தேக்குக் கதவு வாங்க மரக்கடைக்குப் போனால் 'கானா தேக்கு' என்று விலை சொல்வார்கள். பண்ருட்டியில் உடைபடும் முந்திரிக் கொட்டையில் கணிசமான பங்கு மேற்கு ஆப்பிரிக்காவிலிருந்து தூத்துக்குடி வழியாக வருகிறது. கானாவிலிருந்து இந்தியா வாங்குவதில் பெரும் பங்கு தங்கம், அது கடைசியில் உஸ்மான் ரோட்டுக்கும்தான் வருகிறது. அந்தத் தங்கத்துக்காக அங்கே 'கலாம்சே' என்னும் கள்ளச் சுரங்கங்கள் ஆறுகளைச் சேறாக்கிக்கொண்டிருக்கின்றன. சுற்றுச்சூழல் படிக்கிறவர்களுக்கு அது தனி உலகம்.

சரி, லெகோன் வளாகத்தில் உங்களிடம் நிச்சயம் கேட்கப்படும் ஒரு கேள்விக்கு வருவோம். 2016 ஜூனில் குடியரசுத் தலைவர் பிரணாப் முகர்ஜி அந்த வளாகத்தில் காந்தி சிலை ஒன்றைத் திறந்து வைத்தார். சில மாதங்களிலேயே பேராசிரியர்கள் மனு எழுதினார்கள். தென்னாப்பிரிக்காவில் இருந்த ஆரம்ப வருடங்களில் காந்தி கறுப்பின மக்களைத் தாழ்த்தி எழுதிய வரிகளை எடுத்து வைத்து, எங்கள் வளாகத்தில் முதலில் எங்கள் நாயகர்களுக்குச் சிலை வையுங்கள் என்றார்கள். 2018 டிசம்பரில் சிலை அகற்றப்பட்டது. இந்தச் செய்தி வந்தபோது நம் வாட்ஸப் குழுக்களில் நன்றி கெட்டவர்கள் என்று பொங்கினார்கள். எனக்கு அந்தக் கோபம் வரவில்லை. அந்த வரிகள் காந்தியின் தொகுப்பு நூல்களில் இருக்கின்றன, இந்திய அரசே வெளியிட்டது. அதே சமயம், 1950 ஜனவரியில் என்க்ருமா நடத்திய 'பாசிட்டிவ் ஆக்‌ஷன்' இயக்கம் காந்தியின் வழியிலிருந்து எடுத்ததுதான், அதை அவரே மறைத்ததில்லை. இரண்டையும் படித்துவிட்டுப் போங்கள். மெரினா காந்தி சிலையைத் தினமும் பஸ்ஸில் கடந்து போகிற பிள்ளை, இந்தக் கேள்விக்குத் தடுமாறாமல், கோபப்படாமல், மழுப்பாமல் பதில் சொல்ல முடிந்தால் பாதிப் படிப்பு முடிந்த மாதிரி.

இப்போது வீட்டுக்கு வருவோம். எங்கள் அபார்ட்மென்டில் ஒரு பெண் கானாவுக்கு விண்ணப்பிக்கப் போகிறேன் என்றதும் அவள் அம்மா என்னிடம் வந்து கேட்டார்:

"ஆப்பிரிக்காவா? ஏன்டி, பொண்ணை அங்கே போய்..."

"மாமி, லண்டன்னு சொல்லியிருந்தா இப்படிக் கேட்பீங்களா?"

"லண்டன் வேற இல்லையா?"

"ராத்திரி எட்டு மணிக்கு மேல தனியாப் போகாதே, போனைக் கையில நீட்டிண்டு நடக்காதேன்னு அங்கேயும் சொல்லித்தானே அனுப்புவீங்க? அதையே இதுக்கும் சொல்லுங்கோ."

பயம் திருட்டைப் பற்றியது மட்டும் இல்லை என்று அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். கல்யாண விளம்பரத்தில் நிறம் கேட்கிற ஊர் நாம். தரமணியில் இருக்கும் தொழில்நுட்ப ஆசிரியர் பயிற்சி நிறுவனத்துக்கு இந்திய அரசின் ஐடெக் உதவித்தொகையில் ஆப்பிரிக்க ஆசிரியர்கள் வருகிறார்கள். நம் கல்லூரிகளிலும் ஆப்பிரிக்க மாணவர்கள் படிக்கிறார்கள். அவர்களில் யாரையாவது வீட்டுக்குச் சாப்பிடக் கூப்பிட்டிருக்கிறோமா? வாடகைக்கு வீடு கேட்டால் எத்தனை வீட்டுக்காரர்கள் கதவைத் திறக்கிறார்கள் என்று அவர்களைக் கேட்டால் சொல்வார்கள். 2017 மார்ச்சில் கிரேட்டர் நொய்டாவில் நைஜீரிய மாணவர்களைக் கூட்டமாகச் சேர்ந்து அடித்தார்கள், அந்தச் செய்தியை மேற்கு ஆப்பிரிக்காவில் எல்லோரும் படித்தார்கள். இருந்தும் அக்ரா தெருவில் என்னைப் பார்த்த ஒருவர்கூட முகம் சுளித்ததில்லை. 'ஒப்ரோனி' என்று குழந்தைகள் கூப்பிடுவார்கள். வெளியூர்க்காரர்களைச் சொல்வது, வசை இல்லை.

மாமியின் இரண்டாவது கேள்வி கோயில். அதற்கு என்னிடம் நல்ல பதில் இருந்தது. அக்ராவின் ஓடோர்கோர் பகுதியில் இந்து மடம் ஒன்று இருக்கிறது. நடத்துபவர்கள் இந்தியர்கள் இல்லை, கானாக்காரர்கள். 1970களில் அதை நிறுவிய சுவாமி கனானந்த சரஸ்வதி கானாவில் ஒரு கிராமத்தில் பிறந்தவர். ரிஷிகேஷின் தெய்வீக வாழ்க்கைச் சங்கத்தின் போதனைகள் வழியாக இந்தப் பக்கம் வந்தவர். அந்தச் சங்கத்தை நிறுவிய சிவானந்தர் பத்தமடைக்காரர் என்றதும் மாமிக்கு முகம் மலர்ந்தது. கனானந்தர் 2016இல் மறைந்தார், மடம் நடக்கிறது. விநாயகர் சதுர்த்திக்குப் பிள்ளையாரைக் கடலுக்குத் தூக்கிக்கொண்டு போவார்கள்.

மூன்றாவது, சாப்பாடு. சைவம் என்று ஒரு வார்த்தையில் சொன்னால் புரியாது. மீன் இல்லை, கருவாட்டுப் பொடி இல்லை, இறால் பொடி இல்லை, கோழி சூப் க்யூப் இல்லை என்று ஒவ்வொன்றாகச் சொல்ல வேண்டும். ஷிட்டோ என்ற கறுப்பு மிளகாய்த் தொக்கு பார்க்க நம் புளிக்காய்ச்சல் மாதிரியே இருக்கும், உள்ளே கருவாடு. ஆனால் காலையில் ஹவுசா கோக்கோ என்று தெருவில் விற்பது இஞ்சி போட்ட கம்பங்கூழ். அதற்குத் தொட்டுக்கொள்ள கோசே, அதாவது காராமணியை அரைத்துப் பொரித்த வடை. ராத்திரி கெலேவேலே, நேந்திரம்பழத்தில் இஞ்சி மிளகாய் தடவிப் பொரித்தது. வாச்சே என்பது சோள இலைக் காம்பு போட்டுச் சிவக்க வேகவைத்த காராமணிச் சாதம், இலையில் பொதிந்து தருவார்கள். குழம்பை வேண்டாம் என்று சொல்லி வாங்குங்கள். மரவள்ளிக்கிழங்கு, சேம்பு இலை, கத்தரிக்காய், வெண்டைக்காய் எல்லாம் சந்தையில் கிடைக்கும், ஹாஸ்டலில் சமைத்துக்கொள்ள முடிந்தால் கவலையே இல்லை. அசைவக்காரர்களுக்கு நான் சொல்லித் தர வேண்டியது எதுவும் இல்லை. ஜோலோஃப் சாதத்தில் கானா உசத்தியா நைஜீரியா உசத்தியா என்ற சண்டையில் மட்டும் வாயைத் திறக்காதீர்கள்.

தினசரி வாழ்க்கைக்குச் சென்னைக்காரர்கள் பழக அதிக நாள் ஆகாது. ட்ரோட்ரோ என்பது ஷேர் ஆட்டோவின் அண்ணன், பழைய வேன். 'மேட்' என்ற கண்டக்டர் ஜன்னலுக்கு வெளியே தொங்கி சர்க், சர்க், சர்க் என்று கத்தினால் வண்டி என்க்ருமா சர்க்கிளுக்குப் போகிறது. குடிதண்ணீர் அரை லிட்டர் பிளாஸ்டிக் பாக்கெட்டில், ஓரத்தைக் கடித்து உறிஞ்ச வேண்டியது. கரண்ட் போனால் 'டும்சோர்' என்பார்கள். 2012இலிருந்து சில வருடம் அவர்களைப் படுத்திய மின்வெட்டுக்கு அந்தப் பெயர் நிலைத்துவிட்டது. அதே 2012இல் நாமும் விசிறியோடு மொட்டை மாடியில்தானே கிடந்தோம். பணம் கைபேசியில், மோமோ. இடது கையால் எதையும் கொடுக்கவோ வாங்கவோ கூடாது. இது நமக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. கடையில் போய் நின்றதும் விலை கேட்கக் கூடாது, முதலில் குட் மார்னிங் சொல்லி நலம் விசாரிக்க வேண்டும். இது நமக்குச் சொல்லித் தர வேண்டும். சுவர்களில் இறந்தவர் படத்தோடு வண்ண போஸ்டர் ஒட்டியிருப்பார்கள், நம் கண்ணீர் அஞ்சலியேதான். சனிக்கிழமை சாவு வீட்டுக்குக் கூப்பிட்டால் போங்கள். கறுப்பும் சிவப்பும் உடுத்தி, பேண்டு வாத்தியம் வைத்து, சாப்பாடு போட்டு அனுப்புவார்கள். தெஷி என்ற இடத்தில் மீனவருக்கு மீன் வடிவத்திலும் ஓட்டுநருக்குக் கார் வடிவத்திலும் சவப்பெட்டி செய்யும் ஆசாரிகள் இருக்கிறார்கள்.

கறாராகச் சொல்ல வேண்டியவை சில. 2022 டிசம்பரில் அங்கே விலைவாசி உயர்வு 54 சதவீதத்தைத் தொட்டது, அரசு வெளிக்கடன் தவணையை நிறுத்தியது. மறு வருடம் ஐ.எம்.எஃப். 300 கோடி டாலர் திட்டத்தோடு வந்தது. வெளிநாட்டு மாணவர்களுக்குக் கட்டணம் டாலரில், செலவு அந்த ஊர் நாணயமான செடியில். ஆகவே எல்லாப் பணத்தையும் முதல் நாளே மாற்றி வைத்துக்கொள்ளாதீர்கள். பேராசிரியர்கள் ஸ்ட்ரைக் செய்வார்கள், 2022 ஆரம்பத்தில் வாரக்கணக்கில் வகுப்பே நடக்கவில்லை. செமஸ்டர் தேதி தள்ளிப்போனால் இங்கே உங்கள் தேர்வுத் தேதியோடு மோதும். ஒருபாலுறவு அங்கே சட்டப்படி குற்றம், எதிர்ப்பு இன்னும் கடுமையாகிவருகிறது. தங்களுக்கு இது பொருந்தும் என்பவர்கள் யோசித்துத்தான் முடிவெடுக்க வேண்டும். ராணுவப் புரட்சி பற்றிய பயம் வேண்டாம். மாலி, புர்க்கினா ஃபாசோ, நைஜர் நிலைமை வேறு. கானாவில் 1992 அரசியல் சட்டத்துக்குப் பிறகு இரண்டு பெரிய கட்சிகளும் மாறி மாறித் தேர்தலில் தோற்று அமைதியாக வீட்டுக்குப் போயிருக்கின்றன.

விண்ணப்பிக்கும் வழி: ஒரு செமஸ்டர் என்றால் லெகோனின் இன்டர்நேஷனல் புரோகிராம்ஸ் அலுவலகத்துக்கு நேரடியாக எழுதுங்கள். நடுவில் ஏஜென்ட் தேவையில்லை. ஆனால் அதற்கு முன்னால் இங்கே உங்கள் கல்லூரித் தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலகத்தில் கிரெடிட்டை ஏற்றுக்கொள்வார்களா என்று எழுத்தில் வாங்குங்கள், வாய்வார்த்தை செல்லாது. முழுப் பட்டம் என்றால் சமநிலைச் சான்று பற்றிய யு.ஜி.சி.யின் 2025 விதிகளைப் படித்துவிட்டுப் பணம் கட்டுங்கள். பொறியியல்காரர்கள் குமாசியில் இருக்கும் என்க்ருமா அறிவியல் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தையும் பார்க்கலாம், ஐ.நா. பொதுச் செயலாளராக இருந்த கோஃபி அன்னான் ஆரம்பத்தில் படித்த இடம். சின்ன வளாகம் போதும் என்றால் பேட்ரிக் அவுவா 2002இல் தொடங்கிய அஷேசி, அக்ராவுக்கு வெளியே பெரெகுசோ குன்றில்.

விசா டெல்லியில் இருக்கும் கானா ஹை கமிஷன் வழியாக. சென்னையிலிருந்து நேர் விமானம் கிடையாது, அடிஸ் அபாபாவிலோ துபாயிலோ மாற வேண்டும். அங்கே கிரீன்விச் நேரம், நமக்கு ஐந்தரை மணி நேரம் பின்னால். அம்மா ராத்திரி ஒன்பதுக்குக் கூப்பிட்டால் உங்களுக்கு மாலை மூன்றரை, வகுப்பில் இருப்பீர்கள், முன்கூட்டியே சொல்லி வையுங்கள். மலேரியா நிஜமான ஆபத்து. ஆர்21 தடுப்பூசியை உலகிலேயே முதலில், 2023 ஏப்ரலில், அனுமதித்த நாடு கானாதான், அதைத் தயாரிப்பது புனேயின் சீரம் இன்ஸ்டிட்யூட். ஆனால் அது குழந்தைகளுக்கு. நீங்கள் டாக்டரிடம் தடுப்பு மாத்திரை கேட்டு எழுதி வாங்குங்கள், கொசுவலையும் எடுத்துக்கொள்ளுங்கள்.

மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி இல்லாமல் கானாவுக்குள் விடமாட்டார்கள். கிண்டி கிங் இன்ஸ்டிட்யூட்டில் போடுவார்கள். எல்லா நாளும் போடுவதில்லை, எந்தக் கிழமை என்று கேட்டுவிட்டுப் பாஸ்போர்ட்டோடு போங்கள். ஊசி போட்ட பத்து நாள் கழித்துத்தான் சான்றிதழ் செல்லும், ஆகவே டிக்கெட் தேதியை அதற்குத் தகுந்தபடி எடுங்கள். ஒரு முறை போட்டால் ஆயுளுக்கும் போதும். அந்த மஞ்சள் புத்தகத்தைப் பெட்டியில் போட்டு லக்கேஜில் அனுப்பிவிடாமல் கைப்பையில் வையுங்கள். திரும்பி வரும்போது மீனம்பாக்கத்திலும் கேட்பார்கள். இல்லையென்றால் ஆறு நாள் வரை தனியாக உட்கார வைத்துவிட்டுத்தான் வீட்டுக்கு அனுப்புவார்கள்.